நான்கு மணி முறை

ஆகஸ்ட் 19, செவ்வாய். டுலூத்.

என் புருஷன் ஐவர் இன்று தன் பூட்ஸை ஓவன் அடுப்புக்குள் வைத்து மூடியிருந்தார். கோழியை வேகவைக்கத் திறந்தபோதுதான் பார்த்தேன். கேட்டால், "ஈரமா இருந்துச்சு, காயட்டும்னு வச்சேன்" என்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ பார்த்தாயிற்று, இது ஒரு புது வகை.

மத்தியானம் லோரி கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவுக்குப் பாத்து வச்ச அந்த முதியோர் ஹோம்ல ஒரு எடம் காலியாகுது. செப்டம்பர் மூணாந்தேதிக்குள்ள சொல்லணும். இல்லேன்னா வேற யாருக்காவது போயிடும்."

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். என் பெண்ணுக்குத் தெரியாதா என்ன? போனை வைத்துவிட்டாள்.

இரும்புத் தாதுக் கப்பலில் நாற்பத்தொரு வருடம் போனவர் இவர். வருடத்தில் ஒன்பது மாதம் ஏரியில், ஏரி உறைந்தால்தான் வீடு. இப்போதுதான் முழுசாக என்னோடு இருக்கிறார். இப்போது போய் இவரை இன்னொருத்தர் கையில் கொடு என்றால்?

ஆகஸ்ட் 20, புதன்.

சுற்றுலாக் கப்பல்காரர்கள் கேட்ட மருத்துவப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். போன குளிர்காலத்தில், இவர் இவ்வளவு மோசமாகும் முன்பு, போட்டு வைத்த பயணம். எண்பது பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல். மில்வாக்கியில் ஏறினால் மிச்சிகன் ஏரி, ஹியூரான் ஏரி, பிறகு சுப்பீரியர். எட்டாம் நாள் நம் ஊர்த் துறையிலேயே இறக்கிவிடுவார்கள்.

'நினைவாற்றல் குறைபாடு உண்டா?' என்று ஒரு கேள்வி. 'வயதுக்கு ஏற்றபடி' என்று எழுதினேன்.

பொய்தான். ஆனால் எட்டு நாள் இவரை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டால், லோரியிடம் ஹோமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம். அதற்குத்தான் போகிறேன். ஊர் சுற்றிப் பார்க்கவா போகிறேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு. கப்பலில்.

ஏறியாயிற்று. இவர் படியேறும்போதே கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "அலுமினியம். பொம்மைக் கப்பல்" என்றார். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு ஸாகினாவிலிருந்து வந்த பெர்னிஸ். புருஷனை இழந்தவள், தனியாக வந்திருக்கிறாள், கண் ரொம்பக் கூர்மை. இவர் சூப்பை முள்கரண்டியால் குடிக்கப் பார்த்ததைக் கவனித்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டாள். "மோசமில்லை" என்றேன். அவளும் எங்கள் பக்கத்து ஆள்தானே, அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்.

மத்தியானம் நான்கு மணிக்குச் சரியாக எழுந்து நிற்கிறார். கடிகாரம் பார்ப்பதே இல்லை, ஆனால் நான்கு மணி மட்டும் தப்பாது. கப்பலில் சுக்கான் பிடித்த காலமெல்லாம் இவருடைய முறை நான்கிலிருந்து எட்டு. இவருக்கு முன் முறை பார்த்தவன் எய்னார், செத்து பத்து வருடம் ஆகிறது. எய்னார் திசையைப் பாகைக் கணக்கில் சொல்லி ஒப்படைத்தால்தான் இவர் சக்கரத்தைத் தொடுவார். ஒப்படைக்க ஆள் இல்லாவிட்டால் மனுஷன் நிலைகொள்ளாமல் அலைவார்.

அதனால் போன வருடத்திலிருந்து நான்தான் எய்னார். இன்றும் முன்தளத்துக்கு அழைத்துப் போய், "முந்நூத்திப் பத்து. காத்து மேக்கால. எதிர்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

"முந்நூத்திப் பத்து. நான் எடுத்துக்கிட்டேன். நீ கீழ போ" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு மணிவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நான்கு மணி நேரம்தான் இவர் இவராக இருக்கிறார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்.

தூக்கமே இல்லை. அறைக் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தே விடிந்தது.

ஆகஸ்ட் 27, புதன்.

குளிக்க வைக்கும்போது என் கையைத் தட்டிவிட்டார். "யாரும்மா நீ? என் பொண்டாட்டி வந்தா உன்னை என்ன செய்வா தெரியுமா?"

நான்தான்யா அந்தப் பொண்டாட்டி. நாற்பத்தாறு வருஷமா நான்தான். என்ன செய்யட்டும், சொல்லு. சோப்புத் தண்ணீரைத் துடைத்துவிட்டு உன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறேன், வேறென்ன செய்வது?

முதுகு விட்டுப்போகிறது. உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. இன்னும் நான்கு நாள். நான்கே நாள், ஆர்டிஸ்.

ஆகஸ்ட் 28, வியாழன். சூ நகரம்.

தூங்குமுன் இதை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் மூன்றரைக்குக் கப்பல் சூ லாக்குக்குள் நுழைந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே கப்பலை நிறுத்தித் தண்ணீர் விட்டு, சுப்பீரியர் ஏரியின் மட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள். எல்லோரும் வேடிக்கை பார்க்கத் தளத்துக்குப் போய்விட்டார்கள். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில். ஒரு நிமிடம் கண்ணை மூடினேன்.

திறந்தபோது நான்கு முப்பத்தைந்து. கட்டில் காலி. கதவு திறந்து கிடந்தது. ஜன்னலில் லாக்கின் சுவர் இல்லை, வெறும் தண்ணீர். கப்பல் கிளம்பிவிட்டிருந்தது.

முன்தளத்துக்கு ஓடினேன். இல்லை. பின்தளம், சாப்பாட்டு அறை, ஆண்கள் கழிப்பறைகூடப் பார்த்தேன். இல்லை. கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தேன். அந்த ஐஸ் தண்ணீரில் விழுந்தவன் எத்தனை நிமிடம் தாங்குவான் என்று இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அப்போது பெர்னிஸ் வந்தாள். "ஆர்டிஸ், முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கே. எல்லாம் சரியா?"

"மோசமில்லை" என்றேன்.

புருஷனைக் காணவில்லை. ஏரியில் விழுந்தாரோ என்னவோ தெரியவில்லை. நான் மோசமில்லை என்கிறேன். என் அம்மா, அவள் அம்மா எல்லோரும் சாகும்வரை சொன்ன வார்த்தை, வாயில் தானாக வருகிறது. சொன்னால் கேப்டனுக்குத் தெரியும், படிவத்தில் எழுதிய பொய் தெரியும், லோரிக்குத் தெரியும். அதை நினைத்து இன்னும் இருபது நிமிடம் தனியாகத் தேடினேன். இருபது நிமிடம்! நான் மனுஷிதானா?

கடைசியில் பெர்னிஸ்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "இந்தா பாரு. என் ஆளுக்கும் இதே வியாதிதான். முதல் நாள் சூப்பு குடிக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு. எங்க அவரு?"

"காணோம்" என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கேப்டனிடம் ஓடினாள். கப்பல் நின்றது. பெலேரு என்ற அந்தக் கேப்டன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வயர்லெஸ்ஸில் லாக்கைக் கூப்பிட்டார். பதில் வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

"இங்கதான் இருக்காரு" என்றது ஒரு குரல். "சுவர் மேல உக்காந்து காபி குடிக்கிறாரு. தன் கப்பல் இன்னும் வரலேன்னு சொல்றாரு."

நடந்தது இதுதான். நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். முறையை ஒப்படைக்க எய்னார் இல்லை, எய்னார் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கீழே போயிருக்கிறார். தண்ணீர் ஏறி, கீழ்த்தளம் சுவருக்குச் சமமாக வந்திருக்கிறது. தாதுக் கப்பலில் லாக்குக்கு லாக் கயிறு பிடிக்கக் கரையில் குதிப்பது கப்பல் ஆட்களின் வேலை, பத்தொன்பது வயதில் இவர் செய்த முதல் வேலையும் அதுதான். கம்பியைத் தாண்டிச் சுவரில் கால் வைத்து, கரை ஆட்களோடு சேர்ந்து நின்று, கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்தும் கொடுத்திருக்கிறார். நான் இருந்த கப்பலை இவரே அவிழ்த்து அனுப்பிவைத்தார்.

ஒரு படகு வந்து என்னையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டது. பெர்னிஸ் கீழ்த்தளம்வரை வந்து என் கையைப் பிடித்தாள். "என் ஆளை நான் மூணு வருஷம் மறைச்சு வச்சிருந்தேன். யாருக்கும் ஒரு புண்ணியமும் இல்ல."

கரையில் ஐவர் யாரோ கொடுத்த பெரிய கையுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "லேட்டு" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி.

லோரி காலையிலேயே கிளம்பி ஏழு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அப்பாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு என் பக்கம் வந்து, "நீ எப்படிம்மா இருக்க?" என்றாள்.

"மோசமா இருக்கேன்" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். நானும்தான். வழி நெடுக ஏரி வலப்பக்கமே வந்தது. ஐவர் ஒரு முறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்.

ஹோமுக்குக் கையெழுத்துப் போட்டேன். இந்தப் படிவத்திலும் அதே நினைவாற்றல் கேள்வி. இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்.

விட்டுவிட்டு வந்தோம். கார்வரை பின்னாலேயே வந்தார்.

துரோகி நான். வேறென்ன சொல்வது?

செப்டம்பர் 14, ஞாயிறு.

நான்கு மணியானால் தாழ்வாரத்தில் அலைகிறாராம், கதவையெல்லாம் ஆட்டிப் பார்க்கிறாராம். நர்ஸ் போனில் சொன்னாள். சோறு இறங்கவில்லை. வீட்டில் இருக்கிற நானும் தூங்குவதில்லை, பழக்கதோஷம், கதவு சத்தத்துக்குக் காது காத்துக்கொண்டிருக்கிறது. இதற்கா கொண்டுபோய் விட்டேன்?

செப்டம்பர் 16, செவ்வாய்.

மூன்றே முக்காலுக்குப் போனேன். தாழ்வாரக் கோடியில் ஒரு ஜன்னல், கீழே கார் நிறுத்துமிடம், அதற்கும் அப்பால் விரலளவு ஏரி. அங்கே நின்றுகொண்டேன். நான்கு மணிக்கு வந்தார். தாடியை யாரோ ஒழுங்காக மழித்துவிட்டிருந்தார்கள், என்னைவிட நன்றாக.

"முந்நூத்திப் பத்து" என்றேன். "காத்து மேக்கால. எதிர்ல ஒண்ணுமில்ல."

ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். "முந்நூத்திப் பத்து. நான் எடுத்துக்கிட்டேன்." பிறகு திரும்பி என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு. நெறைய நேரம் நின்னுட்டே. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் 17, புதன்.

காலை எட்டேகால்வரை தூங்கினேன்.