கடலடியில் பூட்டிய அறை

1973 பிப்ரவரி 8, வியாழன்

வாடைக் காற்று. கடல் கலங்கல். சங்கு குளிக்க யாரும் போகவில்லை. வீட்டுக்காரர் ராயப்பன் அண்ணாச்சியும் கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாள். இன்று முழுக்க வீட்டில், சீட்டாட்டம்.

நாவல் முடிந்தது. பழைய துப்பறியும் கதைகளுக்கு என் வணக்கம். பூட்டிய அறை, உள்ளே பிணம், கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்துத் துப்பறிபவர் பேசுவது. என் அறை, கடலடி. குளியாள் தனியாக இறங்குகிறான், பிணமாக வருகிறான். கொன்றவன், படகில் கயிறு பிடித்த கூலியாள். கீழிருந்து வந்த இழுப்பை உணர்ந்தும் தூக்காதவன்.

பதிப்பகம் ஒருமுறை திருப்பிவிட்டது. திருத்தியதைச் செவ்வாய்த் தபாலில் மறுபடி அனுப்ப வேண்டும். இதுவும் திரும்பினால் சாகுபுரம் ரசாயன ஆலையில் வேலைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்கு.

9, வெள்ளி

முதல் அத்தியாயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி பாதியிலேயே சிரித்தார்.

"கயித்தப் புடிச்சவன்தான் கொன்னான். சரியா?"

"எப்படி அண்ணாச்சி?"

"ஏ எழுத்தாளரே, கூலிக்காரன்ட்ட எவன்வே கயித்தக் குடுப்பான்? பொண்டாட்டிகூடப் பொறந்தவன்லா புடிக்கணும். தங்கச்சி தாலிய அறுக்க எந்த மச்சானுக்கு மனசு வரும்?"

அவர் கயிறு, அவர் மனைவி மெர்சி மதினியின் அண்ணன் சூசை கையில். இரண்டு வருடம் குடியிருந்தும் ஏன் என்று நான் கேட்டதில்லை.

முதல் பக்கத்திலேயே கொலைகாரன். கடற்கரை முழுக்கக் கண்டுபிடித்துவிடும்.

10, சனி

கூலியாளை மச்சானாக்கிப் பார்த்தேன். கை வரவில்லை. கிழித்தாயிற்று.

வாங்க வேண்டியவை: மை. மண்ணெண்ணெய். சட்டைப் பொத்தான்.

11, ஞாயிறு

பூசை முடிந்து வந்த மதினி, மீன் கழுவியபடி, முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கடைசிவரை கேட்டார்.

"கூலிக்காரன மாத்தாதிய தம்பி. அன்னைக்கு செத்தவனோட மச்சான் ஏன் வரல? ஒங்க துப்பறியுறவரு அதக் கேக்கவே இல்லையே."

"ஏரலுக்குப் போயிருந்தான்."

"யாரு போவச் சொன்னா?"

சம்மாட்டி. படகின் சொந்தக்காரர். ஆள் அதிகம் என்று மச்சானைக் கதையிலிருந்து விலக்க, நான் எழுதிய ஒற்றை வரி.

"கூலிக்காரனப் படகுல ஏத்துனதும் அவருதான?"

"ஆமா மதினி."

"பெறவென்ன."

அண்ணாச்சி: "ஏளா, நீ போலீசுக்குப் போயிருக்கணும்."

"நீரு சீட்டாடுத எடத்தக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பத்தல."

என் கதை, எனக்குத் தெரியாத கொலைகாரன். ஆறு மாதமாக, என் கையெழுத்தில், அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். பழைய ஆசிரியர்கள் தடயத்தை வாசகனிடமிருந்து மறைத்தார்கள். நான் என்னிடமிருந்தே.

12, திங்கள்

கடல் தெளிந்தது. கயிற்றைப் பார்க்க நானும் படகில். அண்ணாச்சி மூழ்கியதும் சூசை பேச்சை நிறுத்தினான். கண் தண்ணீரில் இல்லை, எங்கும் இல்லை. எல்லாம் விரலில். பீடி அணைந்ததும் தெரியவில்லை அவனுக்கு. மூச்சுவிட எனக்குப் பயம்.

கயிறு ஒருமுறை துடித்தது. அதற்குள் அவன் இழுக்கத் தொடங்கியிருந்தான்.

13, செவ்வாய்

தபாலுக்கு ஒரு மணி நேரம். துப்பறிபவரின் நான்கு பக்கப் பேச்சு முழுவதையும் அடித்து நீக்கியாயிற்று. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒன்றே கேட்கிறார்: "அன்றைக்கு மச்சானை ஏரலுக்கு அனுப்பியது யார்?"

இறந்தவனின் மனைவி மட்டும் மெல்லத் திரும்பி, சம்மாட்டியைப் பார்க்கிறாள்.