பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’

பாப்பா அப்பாவுக்கு,

ஏழு மணிக்குப் பால் குடுத்துட்டேன். அடுத்தது பத்துக்கு. ஃப்ரிட்ஜ்ல நீல மூடி பாட்டில்ல எடுத்து வச்சிருக்கேன். வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சா போதும், அடுப்புல ஏத்திடாதீங்க. உங்க அக்கா வந்தா, குழந்தையை அவங்ககிட்ட குடுத்துட்டு அட்வைஸை நீங்க வாங்கிக்கோங்க.

நீங்க தூங்குறீங்க, எழுப்பல. நான் கிளினிக் போறேன். பயப்படாதீங்க. போன வாரம் நர்ஸம்மா ஒரு ஃபாரம் குடுத்தாங்களே, பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவோட மனசு எப்படி இருக்குன்னு பத்துக் கேள்வி? என் கையில குழந்தை இருந்துச்சுன்னு நீங்க வாங்கினீங்க. பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்து ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்புற கை இல்லையா, ஒரே நிமிஷத்துல பத்துக்கும் ‘இல்லை’ன்னு டிக் அடிச்சுட்டீங்க. நேத்து நான் கத்தினது கழுவாத பாட்டிலுக்காக இல்ல. இதுக்காகத்தான்.

‘காரணம் இல்லாம அழுகை வருதா?’ன்னு நாலாவது கேள்வி. வருது. குளிக்கிறப்போ குழாயை முழுசா திறந்துவிட்டு அழுவேன். அதான் உங்களுக்குக் கேக்கல.

உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. பக்கத்துலயே உக்காந்து நானும் தலையாட்டினேனே! இன்னிக்குப் புது ஃபாரம் வாங்கி நானே நிரப்பப் போறேன். மத்த ஒன்பதையும் நான் வந்ததும் நீங்களே கேளுங்க, சொல்றேன்.

வெளிய போகணும்னா வீட்டுச் சாவி உங்க ஷூவுக்குள்ள இருக்கு.

பி.கு.: டயப்பர் மாத்தும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க. உங்க பையன் குறி தப்பாது.

இன்னொண்ணு: சட்டைப் பையில பேனாவைத் தேடாதீங்க. இன்னிக்கு அது என்கிட்ட இருக்கு.