ஞாயிற்றுக்கிழமை குதிக்காதவன்

இன்று தபாலில் உன் நினைவு மலர் வந்தது. வழவழப்பான தாள், மை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் நீ கோட்டு போட்டு நிற்கிறாய்; வேலை தேடுவதற்காக எடுத்த படம். முப்பது வயதுகூட ஆகாமல் ஃப்ரீவேயில் செத்துப்போனவனைப் பற்றிப் பதினாறு பக்கம். எந்தக் கம்பெனியில் என்ன பதவி, குபெர்டினோவில் எந்தப் பக்கம் வீடு என்பது வரை போட்டிருக்கிறார்கள். உன்னை மூன்று முறைகூடப் பார்த்திராத ஓர் அங்கிள் 'அடக்கத்தின் சிகரம்' என்று எழுதியிருக்கிறார். நீ அடக்கமானவன் இல்லை. அவர் மைக் பிடித்துப் பேசுவதை நீ மிமிக்ரி செய்து பார்த்திருக்கிறேன்.

உயரம் தாண்டுதல் என்ற சொல் அந்தப் பதினாறு பக்கத்தில் எங்கும் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். உன்னிடமும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பில் நாம் அமெரிக்காவின் வெஸ்ட் வின்ட்சரில் வந்து இறங்கினோம். நீ திருப்பூரிலிருந்து, நான் ஈரோட்டிலிருந்து. ஹைஸ்கூலில் நம்மை உயரம் தாண்டச் சேர்த்துவிட்டவர்கள் நம் அப்பாக்கள். டென்னிஸில் நம்ம பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள், இதில் ஆளே இல்லை, காலேஜ் அப்ளிகேஷனில் தனியாகத் தெரியும் என்று ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ சொன்னதுதான் காரணம். வரிசை சிறியதாக இருக்கும் விளையாட்டைத் தேடிப் பிள்ளையை நிறுத்திவிட்டு வருகிற ஆட்கள் நாம். உன் விஷயத்தில் அவர்கள் எதிர்பார்க்காதது ஒன்றுதான். உனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போனது.

பதினோராம் வகுப்பில் வரலாற்று ப்ராஜெக்டுக்கு நீ 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதலை எடுத்தாய். மெத்தை கிடையாது, தாண்டியவன் தன் காலில் வந்து இறங்க வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் போட்டியாளர்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமை என்பதால், அமெரிக்காவிலிருந்து போன நல்ல ஆட்கள் சிலர் கர்த்தருடைய நாளில் விளையாட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். போட்டிக்கு வந்த இன்னோர் அமெரிக்கன் ஜெயித்தான். வகுப்பில் எல்லோரும் வராதவர்களைக் கொள்கை வீரர்கள் என்றார்கள். மதியச் சாப்பாட்டின்போது நீ என்னிடம் பொரிந்து தள்ளினாய்.

"கொள்கையாவது ஒண்ணாவது. காலேஜ்ல பெருசுங்க சண்டே கூடாதுன்னு சொல்லிருக்கும்டா. ஒருத்தனாவது ரூம்ல உக்காந்து அழுதிருப்பான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் அப்பா இருக்காருல்ல."

அதே வருஷம் வசந்தத்தில் கவுண்டி போட்டி, நம்மூர் மாவட்டப் போட்டி மாதிரி. சனிக்கிழமை மழை கொட்டியதால் ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று மதியம் உன் வீட்டில் விருந்து. உன் அப்பாவின் டைரக்டர் குடும்பத்தோடு வருகிறார். பெரிய யுனிவர்சிட்டியில் படிக்கும் அவர் மகன் உனக்கு 'கைடன்ஸ்' கொடுக்கப் போகிறான். நான் காரோடு உன் வாசலில் நின்றேன். உன் அப்பா கதவைப் பாதி திறந்தார்.

"போட்டி இன்னொண்ணு வரும் கண்ணு. இந்தப் பையன் மறுபடி எப்ப வருவான்? நீ போய்ட்டு வா, ஆல் தி பெஸ்ட்."

அவர் முதுகுக்குப் பின்னால் நீ இஸ்திரி போட்ட சட்டையில் நின்றாய்.

"போடா, இன்னிக்கு நீதான் பாரிஸ்ல ஜெயிச்சவன்" என்றாய். "அவனுங்களாவது சாமிக்காகக் குதிக்கல. நான் உருளைக்கெழங்கு வறுவலுக்காகக் குதிக்கல."

ஐந்தடி பத்தங்குலம் தாண்டி நான் ஜெயித்தேன். ப்ராக்டிஸில் நீ வார்ம்அப்புக்குத் தாண்டும் உயரம். அந்த மெடலை வைத்து, விடாமுயற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதி, காலேஜுக்குள்ளும் போய்விட்டேன். மற்றவர்களைத் திட்டும்போது இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

போன மாதம் உன் அப்பா சான்டா கிளாராவில் இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மலர்ல அவன் கவுண்டி சாம்பியன்னு ஒரு வரி போடலாம்னு இருக்கறேன். நீதான கூட இருந்தவன், ஒரு பாரா எழுதிக் குடு. அந்த மெடலையும் போட்டோ எடுத்து அனுப்பிச்சீன்னா..."

"அது என் மெடல் அங்கிள்."

"தெரியுங் கண்ணு. ஆனா அவன் வந்திருந்தா அவனுக்குத்தான கெடச்சிருக்கும்?"

உனக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த பிறகும் அவன் ரெசுமேயில் ஒரு வரி குறைகிறதே என்று தேடுகிற அந்த மனசு இருக்கிறதே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எழுதறேன் அங்கிள். அன்னிக்கு அவன் ஏன் வரலைங்கறதையும் சேத்து எழுதறேன். யாருக்கு லஞ்ச்னும் எழுதறேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"வேண்டாங் கண்ணு" என்றார். "ஸ்போர்ட்ஸ் எதுவும் வேண்டாம். விட்டுரு."

இப்படித்தான் நீ அந்த மலரிலிருந்து வெளியே போனாய். பொய்யை நிறுத்தியது நான்தான், அதில் வருத்தமில்லை. ஆனால் பொய்யோடு சேர்ந்து நீயும் போய், மிச்சம் கோட்டு மட்டும் நிற்கிறது.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. போட்டிக்கு மறுநாள் சாயங்காலம், கோச் கிளம்பிப் போன பிறகு நாம் இருவரும் மைதானத்தில் இருந்தோம். எவ்வளவு தாண்டினேன் என்று கேட்டாய். சொன்னேன். "ரெண்டு இன்ச் ஏத்து" என்றாய். ஆறடி. டேப்பைப் பிடித்து அளந்தது நான். நீ வளைந்து ஓடி வந்தாய், எழும்பினாய், குறுக்குக் கம்பு அசையவில்லை. மெத்தையில் மல்லாந்து வெகுநேரம் கிடந்துவிட்டுச் சொன்னாய்: "எங்கப்பாகிட்ட சொல்லிராத. ஃபீல் பண்ணுவாரு."

இந்த மனிதருக்காக நீ அப்படிக் கவலைப்பட்டதை அன்று நான் மதிக்கவில்லை. டிவி நின்ற அந்த நேரத்தில் ஆறடியைச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட வரியைவிட அது உயரம், அது உண்மையும்கூட. எனக்கு அப்போது அந்த லஞ்ச் விஷயம்தான் வாயில் வந்தது. இப்போது அந்த ஆறடி எந்தத் தாளிலும் இல்லை, என்னிடம் மட்டும் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுப்பதா, நீ சொன்னபடி வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.