விடாதீங்கப்பா

நாகமலை புதுக்கோட்டை
18.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மீனா எழுதுகிறேன். நீயும் மாமாவும் அத்தையும் ஆனையூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ கோபித்துக்கொண்டு போய் இன்றோடு பதினேழு நாள். நான் போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று, உன் குரல் கேட்கிறதா என்று காதைக் கொடுக்கிறார். அதனால்தான் கடிதம். தமிழ்வாணி ஆனையூரிலிருந்துதானே பள்ளிக்கூடம் வருகிறாள், அவளுடைய இயற்பியல் நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

அப்பா கட்டுகிற போட் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நீ இருந்தபோது அந்தப் பழைய படகுக் கூடு வாசலில் கவிழ்ந்து கிடந்தது இல்லையா? அதை, படகு வேலை தெரிந்த இம்மானுவேல் அண்ணன் ஐந்து ரூபாய்க் காசால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் டங் என்றது. வலதுபக்கம் தப் தப் என்றது. "உள்ள தண்ணி குடிச்சுக் கெடக்கு அண்ணே" என்று அறுத்தார். உள்ளே மஞ்சள் நுரைப்பஞ்சு, பிழிந்தால் கறுப்பாக நீர் வந்தது. எலி செத்த நாற்றம். அப்பாவுக்கு மட்டும் அது நாறவில்லை. அந்த இடத்தில் ஃபைபர் இழைப் பாயை வைத்து, ரெசின் பசையைத் தடவி, ஏழு அடுக்கு போட்டார்கள். அது இறுகும்போது தொட்டால் சுடுகிறது அம்மா, காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி.

தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வாட்டர் ஸ்கூட்டரின் இன்ஜினும், தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சுகிற ஜெட் பம்பும் வந்திருக்கின்றன. கூடவே ஓர் ஆங்கிலப் புத்தகம். அதைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. முதலில் பெருமையாக இருந்தது. இப்போது பக்கத்தைத் திருப்பவே பயமாக இருக்கிறது. ஒரு படத்தில், தண்ணீரில் நிற்கிற பெண்ணின் முடி போட்டின் அடியில் இருக்கும் உறிஞ்சுகிற வாய்க்குள் போகிறது. அதைப் பார்த்ததிலிருந்து பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். போட் இன்னும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ஆனாலும்.

நீ எப்போது வருவாய்?

உன் மகள்,
பாண்டிமீனா


ஆனையூர்
20.11.2024

மீனாக்குட்டிக்கு அம்மா எழுதுறது. உன் எழுத்தைப் பாத்ததும் உன்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. ஒழுங்காச் சாப்புடு. அந்த ரெசின் வாடைக்குள்ள உக்காந்து படிக்காத.

அந்த போட்டு வீட்டுல இருக்குற வரைக்கும் நான் வரமாட்டேன். உங்கப்பாவுக்கும் நீச்சல் தெரியாது, உனக்கும் தெரியாது. இதை எம்புட்டுத் தடவ சொல்லியிருப்பேன். "பொம்பளைக்கு என்ன தெரியும் இன்ஜினப் பத்தி"ன்னு கேட்டாரு. இன்ஜின் தெரியாது, கண்மாய் தெரியும்.

நீ அதுல ஏறக்கூடாது. ஏற மாட்டேன்னு எழுதி அனுப்பு.

அம்மா,
தங்கப்பொண்ணு


நாகமலை புதுக்கோட்டை
25.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கேட்டதை எழுத ஐந்து நாளாகப் பேனாவை எடுக்கிறேன், முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், திட்டாமல் படி.

டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கண்மாயில் இறக்கப் போவதாக அப்பா காளவாசல் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அங்கே ஆட்டோ ஓட்டுகிற பீமாராவ் மாமாதான் கிளறிவிட்டவர். "மாப்ள, உனக்கு ஆட்டோவே நேரா ஓடாது. இதுல போட்டு வேறயா?" என்று கேட்டாராம். முன்பக்கம் நாற்பது கிலோ எடை இருந்தால்தான் மூக்கு தூக்காது என்று இம்மானுவேல் அண்ணன் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் நாற்பத்தொரு கிலோ.

அதைவிடப் பெரிய பயம் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. ஜெட் போட் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரைத் திருப்பித்தான் திரும்பும். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் பீய்ச்சல் நின்றுவிடும், ஹேண்டில் வெறும் கம்பி. பிரேக்கும் கிடையாது. எதிரே ஏதாவது வந்தால் பயப்படாமல் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். இதை அப்பாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"இருவது வருசமா வண்டி விடுறேன். எனக்கே சொல்லித் தர்றியாக்கும்?" என்று சிரித்தார். போட்டுக்கு அவர் மாட்டியிருப்பதும் பழைய ஆட்டோ ஹேண்டில்தான்.

நேற்று அவரோடு ஆட்டோவில் போனேன். காளவாசலில் ஒரு பஸ் சட்டென்று குறுக்கே வந்தது. நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை, அப்பாவின் வலது கையைப் பார்த்தேன். அவர் நினைப்பதற்கு முன்பே, முறுக்கியிருந்த கை தளர்ந்துவிட்டது. அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும் அம்மா.

நான் ஏறாவிட்டால் அதற்குப் பதில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு தனியாகப் போவார். மணல் மூட்டை அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தாது.

மீனா


ஆனையூர்
27.11.2024

மீனா,

உங்கப்பா கையப் பத்தி எழுதியிருந்தியே, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஏறாத. என் மேல சத்தியம். மீறி ஏறுனா நான் செத்ததுக்குச் சமம்.

அம்மா


நாகமலை புதுக்கோட்டை
2.12.2024

அம்மா,

உனக்கு உடம்பு ஒன்றும் ஆகவில்லையே? முதலில் அதை ஒரு வரி எழுதி அனுப்பு.

ஏறிவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு நெற்றியில் ஏழு தையல், தோள்பட்டை எலும்பு விலகிக் கட்டுப் போட்டிருக்கிறது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காற்றடித்த லாரி டியூப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் ஏறுவேன் என்றேன். கரையில் ஊரே நின்று சிரித்தது. அப்பாவுக்கும் ஒன்று மாட்டச் சொல்லி அழுது அடம்பிடித்தேன். அவர் மாட்டியதும் பீமாராவ் மாமா, "மாப்ள, வடை மாதிரி இருக்க!" என்று கத்தினார்.

முதல் சுற்று அழகாகப் போனது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது சுற்றில்தான் கருவேல மரங்கள் வந்தன. கண்மாய் நிறைந்ததால் அடிமரம் முழுகி, முள் தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றன. நான் திரும்பி, "விடாதீங்கப்பா! விடாதீங்க!" என்று கத்தினேன். கையை விடாதீங்க, முறுக்கிக்கொண்டே இருங்க என்று அர்த்தம். அப்பா கையைத் தளர்த்திவிட்டார்.

சத்தம் நின்றது. அப்பா ஹேண்டிலைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பிடித்திருந்தார். போட் திரும்பவில்லை, நேராக முள்ளுக்குள் போனது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். டியூப் தூக்கிக்கொண்டது. நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, அப்பா "மீனா, மீனா" என்று என்னைத் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார். இம்மானுவேல் அண்ணன் நீந்தி வந்து இழுத்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வண்டி விடுகிறவரிடம் போய் "விடாதீங்க" என்றால் என்ன கேட்கும்? ஓட்டாதே, நிறுத்து என்றுதானே? முறுக்குங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் எடுப்பவள் நான். அப்பாவை முள்ளில் தள்ளியது என் வார்த்தைதான். இதை அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

மீனா


ஆனையூர்
4.12.2024

மீனா,

எனக்கு ஒண்ணும் ஆகல. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

உன் மேல எந்தத் தப்பும் இல்ல. பிள்ளைய முள்ளுக்குள்ள கூட்டிட்டுப் போன மனுசன் மேலதான் தப்பு. அந்த ஆளோட இனி எனக்கு வாழ்க்கை இல்ல. சனிக்கிழமை மாமா வாராரு. உன் துணி, புத்தகம் எல்லாம் எடுத்து வை. டி.சி. வாங்கி இங்கேயே சேத்துக்கலாம்.

அம்மா


நாகமலை புதுக்கோட்டை
6.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் துணி எடுத்து வைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புதன்கிழமை ஸ்டாண்டு ஆட்கள் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். "அடுத்து எப்ப மாப்ள?" என்று பீமாராவ் மாமா கேட்டார். அப்பா கட்டுப் போட்ட தோளோடு, "பதினஞ்சாம் தேதி" என்றார். அவர்கள் போனதும், "விடாதீங்க" என்று நான் கத்தியதைப் பற்றி எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "நீ சொன்னது எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சும்மா" என்றார். "முறுக்கச் சொல்றன்னு தெரியும். கை வரல. பயந்துட்டேன். கரையில இருந்து கெளம்புனதுல இருந்தே பயம்தான்."

எனக்காகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்பா அழுதார். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்புறம் ஏம்ப்பா பதினஞ்சாம் தேதின்னு சொன்னீங்க?"

"அம்புட்டுப் பேரு முன்னால வேற என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு மெதுவாக, "நீ ஸ்டாண்டுக்கு வந்து, வேணாம்ப்பான்னு ஒரு அழுகை அழுதிரு. பிள்ளைக்காக நிறுத்திட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

நேற்று காளவாசலில் எல்லார் முன்னாலும் அழுதேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை அம்மா, தொடங்கியதும் நிற்கவே இல்லை. பீமாராவ் மாமா பயந்துபோய் எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். "போதும் மாப்ள, பிள்ளைய அழ விடாத" என்று அவரே சொன்னார். சாயங்காலம் இம்மானுவேல் அண்ணன் வந்து இன்ஜினைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்.

அவர் பயந்தது உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை. சத்தியம் என்றாலே இப்போது எனக்குப் பயம். ஆனால் சரி என்று தலையை ஆட்டினேன்.

மாமாவை அனுப்ப வேண்டாம். நீ வா. அப்பாவால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. உனக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. வந்ததும் ஒரு வாரம் நன்றாகத் திட்டு. நீ திட்டாமல் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உன் மகள்,
பாண்டிமீனா