சிதம்பரம் லைனில் என் கை

6.6.1963, வியாழன்

தில்லைநாதனோடு மறுபடியும் தகராறு. சிதம்பரம் தந்தி ஆபீசில் உட்கார்ந்து அனுப்புகிறவன் அவன், கடலூர் பழைய டவுன் ஆபீசில் காதைத் தீட்டிக்கொண்டு எழுதி எடுக்கிறவன் நான். பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் சிநேகிதம். இன்று மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு தந்தி வந்தது. கிள்ளை அருகே லாரி கவிழ்ந்தது, டிரைவர் பிழைத்தான் என்று இங்குள்ள லாரிக்காரர் ஒருவருக்கு. தேதியைப் பார்த்தால் பதினான்கு! இன்றைக்கு ஆறு என்பதுகூடத் தெரியாமல் என்னடா வேலை பார்க்கிறாய் என்று லைனிலேயே கேட்டேன். நான் எதுவும் அனுப்பவில்லை, சோறு தின்றுகொண்டிருந்தேன் என்கிறான். புளுகன். தந்தியைக் கிழித்துப் போட்டேன். நெஞ்செரிச்சல் இன்றும் விடவில்லை.

14.6.1963, வெள்ளி

அதே தந்தி. அதே லாரி. ஒரு எழுத்து மாறவில்லை. இந்தத் தடவை அனுப்பினது தில்லைநாதன்தான், அவனே ஒப்புக்கொள்கிறான். எழுதும்போது பென்சில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

26.6.1963, புதன்

போன மாதம் பரங்கிப்பேட்டைப் பக்கம் கம்பத்தில் இடி விழுந்து கம்பி மாற்றினார்கள். அதிலிருந்துதான். மதியம் லைன் சும்மா கிடக்கும் நேரத்தில், இனிமேல் அனுப்பப் போகும் தந்திகள் வருகின்றன. இதுவரை நான்கு. நான்கும் பலித்தன. போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். காதில் எண்ணெய் விட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஒன்றைத் தடுக்கப் பார்த்தேன். வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகச் செய்த சத்தியத்தை மீறி, தகப்பனார் கிணற்றில் விழுந்து இறந்ததாகத் தந்தி வரப்போகும் பச்சமுத்து என்பவருக்குப் பெயர் போடாமல் கார்டு எழுதினேன். உங்கள் தகப்பனாரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான். கிழவருக்குச் சேதி எட்டி, எவன் என் கிணற்றுக்குச் செய்வினை வைத்தான் பார்க்கிறேன் என்று போய் எட்டிப் பார்த்திருக்கிறார். போய்விட்டார் மனுஷர்.

கொன்றது நானா? கார்டு போடாமல் இருந்திருந்தால்?

9.7.1963, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

இன்று பன்னிரண்டரைக்கு வந்தது தில்லைநாதன் கை இல்லை. எங்கள் தொழிலில் மோர்ஸ் கீயைத் தட்டுகிற தினுசை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடைசிக் கோட்டை இப்படி இழுத்து விடுகிற கெட்ட பழக்கம் இந்த ஜில்லாவில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. எனக்கு.

சவரிமேரி, கடலூர். இன்னாசி இறந்தாள். உடனே புறப்படவும். செபாஸ்டின்.

தேதி 17.7.1964. செபாஸ்டின் நான். சவரிமேரி என் அம்மா. இன்னாசிமேரி என் தங்கை. சிதம்பரம் அரிசி மில்லில் பிட்டர் வேலை பார்க்கும் இருதயசாமிக்கு அவளைப் பேசி முடித்து இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை.

எதனால் என்று ஒரு சொல் இல்லை.

4.8.1963, ஞாயிறு

மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இங்கேயும் சிதம்பரத்திலும், மூன்று ஞாயிறு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசிக்கும்போது அம்மா பெருமையோடு சுற்றிலும் பார்த்தாள். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணம் நின்றால் இன்னாசி சிதம்பரத்தில் இருக்கப் போவதில்லை.

8.8.1963, வியாழன்

சாமியாரிடம் போனேன். பெண் ஒரு வருஷத்தில் சாவாள் என்று ஒருத்தனுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அது தடையாகுமா என்று கேட்டேன். என் ஜாதக நம்பிக்கைக்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவகாசமாகப் பொடி போட்டுக்கொண்டு, "சாவு தடையில்லப்பா. அது எல்லாருக்குந்தான் இருக்குது" என்றார்.

14.8.1963, புதன்

இன்னாசியிடமே சொல்லிவிட்டேன். தையல் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். நம்ப மாட்டாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் நீ ஒரு பொய் சொல்லியிருக்கியா, அதுக்குக்கூட உனக்குச் சாமர்த்தியம் கிடையாது என்றாள். தேதியைச் சொல்ல வாயெடுத்தேன். மிஷின் நின்றது.

"தேதி வேணாண்ணே. எனக்கு இருவத்தெட்டு ஆவுது. ரெண்டு பேரு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனாங்க. இவுரு ஒருத்தருதான் ஓலை வரைக்கும் வந்திருக்காரு. நீ கோயில்ல எழுந்து நின்னீன்னா நான் அன்னிக்கே செத்த மாதிரிதான்."

அப்புறம் ரவிக்கையைத் திருப்பிப் போட்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு!

18.8.1963, ஞாயிறு

மூன்றாம் ஓலை. உட்கார்ந்தே இருந்தேன்.

28.8.1963, புதன்

கல்யாணம். நன்றாகச் சிரித்தாள். இருதயசாமி நல்ல பையன்தான். அவனை வெறுக்கக்கூட வழியில்லை.

3.2.1964, திங்கள்

இத்தனை மாதமாகப் பாம்பு, பஸ், கொள்ளிடம், காலரா என்று எதையெல்லாமோ நினைத்துப் பயந்தேன். ஊசி போட்டுக்கொள் என்று கடுதாசி எழுதினேன். இன்று அவளிடமிருந்து கடுதாசி. நாலு மாதமாம். ஜூலையில் பிறக்குமாம்.

மடையன், மடையன். இதை நினைக்கவே இல்லையே.

சாயங்காலம் ஒன்று தோன்றியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! இங்கே கொண்டுவந்துவிட்டால் சிதம்பரத்திலிருந்து தந்தி எப்படி வரும்? நானும் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் என் கை அந்தக் கீயை எப்படித் தொடும்?

10.5.1964, ஞாயிறு

அழைத்து வந்துவிட்டோம். கால் வீங்கியிருக்கிறது. மாங்காய் மாங்காய் என்று தின்கிறாள். ஆபீசிலிருந்து ஓடி ஓடி வந்து பார்க்கிறேன். நான் என்ன புதையலா, இப்படிக் காவல் காக்கறியே என்று கேலி பண்ணுகிறாள்.

13.7.1964, திங்கள்

மோசம் போனேன். மில்லில் பெல்ட்டில் மாட்டி இருதயசாமிக்கு வலது கை நசுங்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னானாம். நான் ஆபீசில். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பத்து மணி வண்டி ஏறிவிட்டாள். இந்த அம்மாவும் அனுப்பியிருக்கிறாள்! என்ன சொல்லி அம்மாவைத் திட்டுவது, அவளுக்கு என்ன தெரியும்?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் புறப்படுகிறேன். போகக்கூடாது என்று தெரியும். போகாமல் எப்படி இருப்பது?

15.7.1964, புதன், சிதம்பரம்

நேற்றே இடுப்பு வலி கண்டுவிட்டது. அசைக்கக் கூடாது என்கிறார் டாக்டரம்மா. புருஷன் ஒரு வார்டு, பெண்சாதி ஒரு வார்டு.

17.7.1964, வெள்ளி

அடித்தேன்.

2.8.1964, ஞாயிறு

இன்று குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. தெரேசம்மாள் என்று பெயர். இருதயசாமிக்குக் கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால் நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். கோயிலில் எல்லோரும் அம்மாவிடம், கர்த்தர் எழுதினதை யாரால் மாற்ற முடியும் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். இங்கே மட்டுமாவது உண்மையை எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி காலை பத்தே முக்காலுக்குப் பெண் பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா தன்னால் ஆனதெல்லாம் பண்ணினார். இன்னாசி என்னைக் கூப்பிட்டனுப்பி, "இன்னிக்குத்தானாண்ணே?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "புள்ளைய உங்கையில குடுக்கச் சொல்லு" என்றாள். கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டாள்.

தில்லைநாதனை அடிக்க வைப்பது, அப்படியாவது ஒன்றை மாற்றிக் காட்டுவது என்றுதான் தந்தி ஆபீசுக்கு நடந்தேன். அவன் சாப்பிடப் போயிருந்தான். பியூன் காத்தவராயன் மட்டும் இருந்தான். இரண்டு மணி வண்டியை விட்டால் அம்மா மகள் முகத்தைப் பார்க்க முடியாது. கடலூரில் என் இடத்தில் லீவுக்கு வந்த ஆள் இருந்தான், அழைத்ததும் பதில் கொடுத்தான். உட்கார்ந்து அடித்தேன். அம்மா பெயர், செய்தி, என் பெயர்.

அடித்து முடித்த பிறகும் விரல் கீயின் மேலேயே இருந்தது. அந்த முனையில் போன வருஷத்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பென்சிலும் கையுமாக. ஓலையை நிறுத்து. இரண்டே சொல். தடை இல்லை என்று சாமியார் சொன்னதும், எழுந்து நிற்காதே என்று இன்னாசி சொன்னதும் அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் நிற்காது. நான் எழுந்து நின்றிருப்பேன். என் கை சொன்னால் நான் கேட்பேன். இன்னாசி உயிரோடு, என் மேல் கோபத்தோடு, கடலூரில் தைத்துக்கொண்டிருப்பாள்.

அரை மணிக்கு முன்னால்தான் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கியிருந்தேன். சட்டையில் ஈரம்கூடக் காயவில்லை.

விரலை எடுத்துவிட்டேன்.

போன வருஷத்து அந்த ஒன்பதாம் தேதி வேறு எதுவும் என் காதில் விழவில்லை, ஆகவே அனுப்பியிருந்தாலும் பிரயோஜனமில்லை என்று பதினைந்து நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எடுபடவில்லை. அனுப்பாததால்தான் விழவில்லை. எழுதினது கர்த்தர் இல்லை, நான். ஒருத்தியைக் கொடுத்து ஒருத்தியை வைத்துக்கொண்டேன். இன்னாசியைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றுகிறது. கேட்கவில்லையே.

பவுடர் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக்கு மேல் கக்கிவிடுகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அசந்து தூங்குகிறாள். தெரேசம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள், போகிறேன்.