அரசியாரின் எடை குறித்துத் தாழைக்கரைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக, நாடு தழைக்க, நாவு அடங்குக.

மூன்று துறைமுகங்களுக்கும் ஒன்றரை ஆற்றுக்கும் உரியவரும், போர்முகம் காணாமலேயே பதினெட்டு விருதுப்பெயர் பூண்டவருமான வெண்குன்றத்து வேந்தர் பெருவிறற் சேந்தனாரின் ஓலைநாயகம் கூத்தன், தாழைக்கரை மன்னரும் எம் அரசி வெண்ணிநங்கையாரின் தமையனாருமான கோவேள் நன்னாகனாரின் திருமுன்னர்த் தலைவணங்கி, எண்திசையும் செவிசாய்க்கத்தக்க பெருஞ்செய்தி ஒன்றை அறிவிப்பதாவது: அரசியாருக்கு எடை ஏறவில்லை.

அரசியார் கருவுற்று மூன்றாம் திங்கள் நடக்கிறது. எம் நாட்டு வழக்கப்படி, கருவுற்ற அரசியை வெள்ளிதோறும் அவை நடுவே துலாவில் ஏற்றி, எதிர்த்தட்டில் வெல்லம் அடுக்கி நிறுப்போம். சென்ற வாரத்தினும் வெல்லம் மிகுந்தால் சங்கு முழங்கும். குறைந்தால் அவையே குனிந்து தரை பார்க்கும். சென்ற வெள்ளிக்கு முன்வரை நான்கு வெள்ளியாகத் தரை பார்த்து எங்களுக்குக் கழுத்து வலி கண்டுவிட்டது.

அவை கூடி ஆராய்ந்தது. ஓர் உயிர் இரண்டானபின் உணவும் இரண்டாவதே நீதி என்று தளவாய் மொழிந்தார். அவர் எந்தப் பிள்ளையைச் சுமந்து இதை அறிந்தார் என்று எவரும் வினவவில்லை. இரண்டு நாழிகைக்கு ஒருமுறை நெய்ச்சோறும் பாயசமும் ஊட்ட ஆணை பிறந்தது. தாங்கள் அன்போடு விடுத்த நாற்பது குடம் நெய்யும் அதற்கே செலவாகிறது. உண்டதை எல்லாம் அரசியார் உடனே வெளியே அனுப்பிவிடுகிறார். தட்டில் மிஞ்சியதை உண்டு தளவாய் மட்டும் இருமுறை கச்சையைத் தளர்த்தியிருக்கிறார்.

இந்நாட்டில் முந்நூறு பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி பேராயியை அழைக்குமாறு அடியேன் விண்ணப்பித்தேன். அவள் அவையில் உரைத்ததை என் தமிழால் மெருகிடாமல் அப்படியே பொறிக்கிறேன்: “மூணு மாசத்துல ஒரு வீசை ஏறுனாலே மிச்சம் சாமி. மசக்கைக்காரிக்கு ஏறாட்டியும் பாதகமில்ல. கொஞ்சம் இறங்கினாக்கூட நாலாம் மாசம் வாந்தி நின்னா தன்னால ஏறும். உள்ள இருக்கிறது எலுமிச்சங்காத் தண்டி. அதுக்கு எதுக்கு நாப்பது குடம் நெய்யி? ஆனா தின்னது ஒண்ணுமே தங்கலைன்னா, அதுதான் ஆபத்து. நீங்க ஊட்டி ஊட்டி அந்த ஆபத்தைத்தான் வரவழைக்கிறீங்க.”

அரச கர்ப்பம் குடிமக்கள் கர்ப்பத்தைப் போன்றதன்று என்று வேந்தர் திருவாய் மலர்ந்தருளினார். அதற்கு அவள், “வாந்திக்கு அது தெரியலியே மகராசா” என்றாள். அன்றே அரண்மனை வாயில் அவளுக்கு அடைபட்டது.

இனி என் குற்றம். எடை ஏறியதென்று கண்டால் ஊட்டுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நம்பி, சென்ற வெள்ளியன்று அரசியார் அமரும் பட்டு மெத்தைக்கடியில் இரண்டு இரும்பு எடைக்கற்களை அடியேன் ஒளித்து வைத்தேன். தட்டு தாழ்ந்தது. சங்கு முழங்கிற்று. புலவர் மூவர் பாடினர். வேந்தர் கண்ணீர் மல்க எழுந்து, நெய்யின் பெருமை நிலைநாட்டப்பட்டதென்றும், ஆதலின் அன்று முதல் இருமடங்கு ஊட்டுக என்றும் ஆணையிட்டார். முப்பது ஆண்டுகள் இவ்வவையில் இருந்தும், மூடர் வெற்றி கண்டால் நிறுத்துவர் என்று எண்ணிய மூடன் யானே. அரசியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எழுத்தாணிக்கு வலிமை இல்லை.

கல் வைத்த உண்மையை அவையில் சொல்லிப் பார்த்தேன். அரசியின் எடையைக் கண்டு பொறாமையால் பிதற்றுகிறான் என்றார்கள்.

ஆகவே, இவ்வோலையைச் சுமந்து வரும் பேராயியையே உடன் அழைத்துக்கொண்டு, வரும் வெள்ளிக்கு முன் தாங்கள் நேரில் எழுந்தருளி, அரசியாரைத் தாழைக்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஏழாம் திங்களுக்கு முன் பிறந்தகம் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லையே என்று எம் அவை குறுக்கே நிற்கும். மருத்துவம் பேசாதீர்கள், அது இங்கே எடுபடாது. கருவுற்றவளைப் பலர் காண நிறுத்தால் கண்ணேறு வயிற்றில் இறங்கும் என்பது தாழைக்கரையின் தொல்வழக்கு என்று உரத்துச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழக்கு இல்லையாயின் வரும் வழியில் உண்டாக்கிக்கொள்ளுங்கள். முந்நூறு பிள்ளை கண்டவளின் சொல்லுக்கு அஞ்சாத எங்கள் பெருமக்கள், கண்ணேற்றுக்கு உறுதியாக அஞ்சுவார்கள். முதலில் அஞ்சுபவர் தளவாயாகவே இருப்பார்.

அங்கே சேர்ந்தபின் அரசியார் கேட்டதை, கேட்டபோது, ஒரு கைப்பிடி அளவே கொடுங்கள்: கஞ்சியோ, பொரியோ, உப்பிட்ட மோரோ. யாரும் நிறுக்க வேண்டாம். நெய் இனி அனுப்பவே வேண்டாம்.

மலை நிற்கும் அளவும் ஆறு நடக்கும் அளவும் இரு நாட்டு உறவும் நிலைப்பதாக. இவ்வோலை கண்ட நாழிகையே தேர் பூட்டுக. வெண்குன்றத்து யாளி முத்திரை, வேந்தர் அறியாமல், அடியேன் கையால் பொறிக்கப்பட்டது.

நேற்று மாலை முதல் அரசியாருக்குத் தண்ணீரும் தங்கவில்லை.