பொங்கலுக்குக் கழுவிய முயல் பெட்டி

ஜனவரி 12, திங்கள்

தூறல். நேற்றுத் தோய்த்த சீலைகள் இன்னும் ஈரம். பொங்கலுக்கு மூன்றே நாள். நெளுக்குளம் முழுக்க வீடு கழுவுகிற சத்தம்.

செய்தது: குசினித் தட்டுகள். அலுமாரிக்குக் கீழே (செத்த பல்லி ஒன்று, சீ). சாமி விளக்குகள், புளி போட்டு.
மிச்சம்: யன்னல், கிணற்றடிப் பாசி, முயல் கூடு.

முயல் கூட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வருகிறேன். அண்ணன் மகள் சுகந்தி கொழும்புக்கு மாற்றலாகிப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன சீவன். "வடிவான முசல் மாமி, ஒரு கரைச்சலும் தராது." வயிற்றில் குட்டி என்பதை பஸ் ஏறிய பிறகு போனில் சொன்னாள். கெட்டிக்காரி.

மூத்திர நாற்றம் வாசற்படி தாண்டி வருகிறது. இன்று அது தன் அடிவயிற்று மயிரைத் தானே பிடுங்கிப் பிடுங்கி, வாய் நிறையக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் வைத்த பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. வயிறு வெறுந்தோல். சொறியோ? மத்தியானம் சோறு இறங்கவில்லை.

முப்பத்தொரு வருடம் மருத்துவ மாது, ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'. இரத்தம், சலம், பனிக்குடத் தண்ணீர், எல்லாம் கண்டவள் நான். ஆனால் அதெல்லாம் கழுவினால் போகும். இந்த மயிர் கழுவக் கழுவ ஒட்டுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பிஸ்கட்.

ஜனவரி 13, செவ்வாய்

விடிய நல்ல பனி. முயல் குட்டி போட்டுவிட்டது. ஆறு.

பெருவிரல் அளவு. மயிர் இல்லை. கண் திறக்கவில்லை. தோலுக்குள்ளால் குடல் தெரிகிறது. ஆறும் ஒன்றுக்குள் ஒன்றாக நெளிய, அதைச் சுற்றி இரத்தம் தோய்ந்த மயிர், ஊறிய வைக்கோல், புழுக்கை. பிரசவ அறை இந்த இலட்சணத்தில் இருந்திருந்தால் என்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்.

ஆகவே:
– கையுறை போட்டு, குட்டிகளைச் சுளகில் எடுத்து வைத்தேன்.
– வைக்கோல், மயிர் எல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினேன். (மயிர் எரிகிற நாற்றம். மத்தியானம்வரை மூக்கில்.)
– பெட்டிக்குப் பினாயில், இரண்டு தரம். கூட்டுக்கும்.
– பழைய வேட்டித் துணி, அவித்து, அயன் பண்ணி, நாலாய் மடித்து விரித்தேன்.
– குட்டிகளை வெந்நீரும் கொஞ்சம் கிருமிநாசினியும் தொட்டுத் துடைத்து, வரிசையாய் அடுக்கினேன்.

ஆறும் வெள்ளைத் துணியில் வார்ட்டுப் பிள்ளைகள் மாதிரி. மனதுக்கு ஒரு நிறைவு, பொய் சொல்வானேன்.

தாய்? கூட்டின் மற்ற மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பகல் முழுக்கப் பெட்டிப் பக்கம் போகவில்லை. தாயா இது? கோழிகூடச் செட்டையை விரித்துப் படுக்கும். இப்படித் தாய்களையும் கண்டிருக்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பவர்கள். ஏசித்தான் எழுப்பியிருக்கிறேன். இதையும் ஏசினேன். பக்கத்து வீட்டு மணியண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரோட மிஸ்ஸி சண்டை?"

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றடிப் பாசி தேய்த்து முடிந்தது. யன்னல் இல்லை.

ஜனவரி 14, புதன். காலை

சத்தி எடுத்தேன். இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் இதை எழுத முடிகிறது.

இரண்டு குட்டிகளைத் தின்றிருக்கிறது. முழுதாகவும் இல்லை. மூன்று கம்பி வலையில், மிதிபட்டு, குளிர்ந்து, தட்டையாய். நான் அயன் பண்ணிய துணி இழுத்து எறியப்பட்டுக் கிடக்கிறது, அதில் இரத்தம். தாய் வாயைத் துடைத்துக்கொண்டு இருக்கிறது. தன் பிள்ளையைத் தின்கிற சாதி. நாற்றம் பிடித்த சனியன். கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கினேன், அடிக்கவில்லை.

பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்று அசைந்தது.

ஒன்றே ஒன்று. ஐஸ் மாதிரி. சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் விட்டு, காலுறைக்குள் போட்டு, பக்கத்தில் வைத்தேன். அரை மணித்தியாலத்தில் போத்தல் ஆறிப்போனது. மேசை லைட்டைக் கிட்ட வைத்தேன். கரண்ட் போனது. பிறகு வேறு வழியில்லை, சட்டைக்குள் போட்டேன். நெஞ்சோடு. ஈரமாய், அட்டை மாதிரி. போட்ட கையோடு மூத்திரம் பெய்தது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது தேவையா?

மாட்டுப்பால், சொட்டு மருந்துப் போத்தலால். மூக்கால் நுரையாக வந்தது.

மணியண்ணை வந்து பார்த்தார், வெற்றிலை வாயோடு. "உது தப்பாது மிஸ்ஸி, செத்த எலிக்குஞ்சு மாதிரிக் கிடக்கு. தாயை எனக்குத் தாங்கோ, மாட்டுப் பொங்கல் கழியக் கறி வைப்பம்." சிரிப்பு வேறு. சிவப்பாய்ச் சாறு ஒழுக.

சுகந்தி போன் பண்ணினாள். தாய் தின்றுவிட்டது என்று சொன்னேன். அழுதாள். முயல் சாதியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி வைத்தேன்.

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். இளம் ஆள், மரியாதையான கதை. "மாட்டுப்பால் குடுக்காதேங்கோ. சூட்டை விடாதேங்கோ. நேற்று விடியத் தாயிட்டக் குடிச்சிருந்தா நாளை விடியுமட்டும் தாங்கும். அதுக்குள்ள பால் குடுக்கிற வேற தாய் முசல் வேணும்." செட்டிகுளத்தில் தவமலர் என்று ஒருவர் முயல் வளர்க்கிறாவாம். மூன்று நாளுக்கு முன் ஒன்று ஈன்றதாம்.

போவதா? பொங்கலுக்கு முதல் நாள். யன்னல் கழுவவில்லை, கோலமாவு வாங்கவில்லை. எலிக்குஞ்சுக்காக பஸ் ஏறுவதா?

என் கையில் எடுத்த ஒரு பிள்ளையும் என் கையில் போனதில்லை. இது பிள்ளையில்லை, தெரியும். ஆனாலும் என் கையில் எடுத்துவிட்டேன்.

பின்னேரம், செட்டிகுளம்

பஸ்ஸில் நெரிசல். நெஞ்சைக் கையால் அணைத்தபடி நின்றேன். ஒரு பிள்ளைத்தாய் எழும்பி இடம் விட்டாள், "அம்மாவுக்கு நெஞ்சு நோகுதோ?" ஓம் என்றேன். சட்டைக்குள் அது துள்ளியது. வியர்வை, மூத்திரம், என் பவுடர் மணம், மூன்றும் சேர்ந்து, ஐயோ. பக்கத்தில் நின்றவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னைவிட்டு மூக்கைத் திருப்பியது இதுதான் முதல் தரம்.

தவமலர். நாற்பது இருக்கும். முற்றத்தில் வரிசையாய்க் கூடுகள். கையில் வைக்கோல், நகத்துக்குள் ஊத்தை. விசயத்தைச் சொன்னேன். குட்டியை வாங்கினா. பார்க்கவில்லை, மூக்கருகில் பிடித்து மணந்தா.

"இதென்ன மிஸ்ஸி, பினாயில் மணக்குது?"

பெட்டி கழுவியதைச் சொன்னேன். மயிரைக் கொளுத்தியதையும். அவா குட்டியை இரண்டு கையாலும் பொத்தினா.

"அந்த மயிர்தான் குட்டியளுக்குப் போர்வை. அதுக்குத்தான் தாய் தன்ர வயித்துல இருந்து பிடுங்கினது. நீங்கள் அதை எரிச்சுப்போட்டு, குட்டியளுக்கும் மருந்து பூசியிருக்கிறியள். தாய்க்குத் தன்ர பிள்ளை எண்டு தெரியேல்லை. கூடு முழுக்கப் பினாயில், பயந்துபோய் மிதிச்சிருக்கும், திண்டிருக்கும்."

"பகல் முழுக்கக் கிட்டப் போகவே இல்லையே?"

"முசல் அடை கிடக்காது மிஸ்ஸி. விடியக்காலமை ஒருக்கா வந்து அஞ்சு நிமிசம் பால் குடுக்கும். பிறகு தள்ளித்தான் இருக்கும். நரி, பாம்பு மணம் பிடிச்சு வராமல்."

அஞ்சு நிமிசம். நான் தும்புத்தடி ஓங்கியது அந்தத் தாய்க்கு.

ஐந்து குட்டி. தின்றது அதுவல்ல, நான். தண்ணீர் கேட்டேன்.

அவாவின் தாய் முயல் சாம்பல் நிறம், நாலு குட்டி. அதற்கு இதுவும் தன்னுடையது போல மணக்க வேண்டுமாம். கூட்டின் மூலையில் ஊறிக் கிடந்த வைக்கோலை அள்ளி என் கையில் தந்தா. நானே பூச வேண்டுமாம், என் கைச் சூட்டுக்கு அது பழகிவிட்டதாம். பூசினேன். முதுகு, வயிறு, தலை. மூத்திரமும் புழுக்கையும். ஓங்காளம் வந்தது, விழுங்கினேன். பிறகு மற்ற நாலு குட்டிகளுக்கு நடுவில், மயிருக்குள்.

கை கழுவச் சவுக்காரம் கேட்டேன்.

"வேண்டாம். விடிய ஒருக்காப் பார்க்கவேணும், தொடவேணும். சவுக்கார மணம் வந்தா தாய் எத்திப்போடும். வெறும் தண்ணியில அலசுங்கோ."

அலசினேன். மணம் அப்படியே இருக்கிறது. தாய் ஏற்குமா என்று விடியும்வரை தெரியாது. இன்று இங்கேதான் தங்கல்.

தேத்தண்ணி தரும்போது, நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "மிஸ்ஸிக்கு என்னைத் தெரியேல்லை என்ன?"

தெரியவில்லை.

"சண்டை முடிஞ்ச வருசம், முகாமில. மகள் பிறந்து ஒம்பதாம் நாள். தோயாமல், கை கழுவாமல் பால் குடுக்கிறாய், ஊத்தை எண்டு ஏசினீங்கள். பிள்ளையை மடியில இருந்து பறிச்சு, நான் விடிய வரிசையில நிண்டு எடுத்த வாளித் தண்ணி முழுக்க ஊத்திக் கழுவினீங்கள். அண்டைக்கு எங்களுக்குக் குடிக்க இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கே எத்தனை பேரை ஏசினேன் என்று எனக்கே நினைவில்லை, அதுதான் அசிங்கம். பெருமையாகத்தான் செய்தேன். என் கூடாரங்கள்தான் சுத்தம் என்று மேலதிகாரிகள் வந்து பார்த்து மெச்சினார்கள்.

கேட்கப் பயந்து பயந்து கேட்டேன், "அந்தப் பிள்ளை?"

"ஏ.எல் படிக்கிறாள். இப்ப ரியூசனுக்குப் போயிட்டாள்."

மன்னிப்பு என்று ஒரு சொல் வாய்வரை வந்தது. தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பனி, வானம் வெளித்துக்கொண்டு வருகிறது. வெடிச் சத்தம் அங்கங்கே.

தவமலரும் மகளும் இருட்டோடு தலை முழுகித் தோய்ந்துவிட்டார்கள். நான் தோயவில்லை. தோய்ந்தால் சவுக்காரம் பட்டுவிடும். பொங்கலன்று தலையில் தண்ணீர் வார்க்காமல் நிற்பது என் பிறவியில் இதுதான் முதல். தலை பிசுபிசுக்கிறது. சட்டையில் காய்ந்த மூத்திரம். என்னை நானே மணக்கக் கூடியதாய் இருக்கிறது.

தாய் முயல் பெட்டிக்குள் ஏறியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒருக்கால் குனிந்து மணந்தது, இன்னொருக்கால் மணந்தது. எத்தவில்லை. அஞ்சு நிமிசம்கூட இல்லை, வெளியே பாய்ந்துபோய்ப் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

கையை விட்டு, மயிரை விலக்கி, என்னுடையதை எடுத்தேன். மற்றதுகளைவிடச் சின்னன். வயிறு உருண்டு கிடந்தது. தோலுக்குள்ளால் வெள்ளையாய்ப் பால் தெரிந்தது. முந்தாநாள் குடல் தெரிகிறதென்று அருவருத்த அதே தோல்.

அழுதேன். மூக்கைத் துடைக்கவும் இந்தக் கைதான்.

சு. வாழ்த்துச் சொல்ல எடுத்தாள். "அந்தத் தாயை வித்துப்போடுங்கோ மாமி, பிள்ளைதின்னி." தாய் தின்றது நான் கழுவியதால் என்று சொன்னேன். முழுக்கச் சொன்னேன். "நான் பிறகு எடுக்கிறன் மாமி" என்று வைத்துவிட்டாள்.

முற்றத்தில் பானை வைத்தாயிற்று. கோலம், கரும்பு, நெருப்பு. நான் கூடுகளின் பக்கம் தள்ளி நின்றேன், புகைக்கும் அப்பால். பால் பொங்கி வழிந்தது. தவமலர் அரிசிச் சுளகோடு திரும்பி என்னைப் பார்த்தா.

"வாங்கோ மிஸ்ஸி, அரிசி போடுங்கோ."

"நான் தோயேல்லை, தவமலர். கையெல்லாம் ஊத்தை."

"அண்டைக்கு நானும் தோயேல்லை. பிள்ளை குடிச்சு வளர்ந்தது தானே. வாங்கோ."

போனேன். வெறும் தண்ணீரில் அலசிய கையால் மூன்று சிறங்கை அள்ளிப் போட்டேன்.